ஈரச் சக்கையும் ஏழு ஈடு இட்லியும்

எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் நட்டுவிட்டார்கள். போன வாரம் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வீடு வீடாக வந்து, யார் யாருக்கு விளக்கு வேண்டும் என்று விசாரித்தான். என் வீட்டுக்கும் வந்தான். கறுப்பாக ஒரு பெட்டியைக் காட்டி, அதற்குள் ஒரு தட்டு சுற்றும், சுற்றுகிற சுற்றுக்குத்தான் காசு என்றான். "மீட்டர் பொய் சொல்லாதும்மா" என்று வேறு சேர்த்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம், பையன் முழித்தான். இதே வாசற்படியில் நின்றுகொண்டு, இதே குரலில், "தராசு பொய் சொல்லாதும்மா" என்று ஒருவர் சொன்னது அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான்.

அந்தக் கதையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் துள்ளுகிறது. சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளில் ஆம்பூரில் விறகு வாங்கி எரிப்பவர்கள் என்றால் வசதிக்காரர்கள். எங்கள் மாதிரி வீடுகளில் அடுப்பெரித்தது சக்கை. தோல் பதனிடுகிற இடத்துக்கு எங்கள் ஊரில் ஷாப்பு என்று பேர். அந்த ஷாப்புகளுக்கு மலைப்பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக ஆவாரம் பட்டை வரும். அதை இடித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, தோலை அதில் ஊறவைப்பார்கள். பட்டையின் சாரத்தையெல்லாம் தோல் குடித்துவிடும். மீந்த சக்கையை வாரிப் பின்வாசலில் கொட்டுவார்கள். நாலு வெயில் காய்ந்தால் அது சருகு மாதிரி லேசாகிவிடும். எரிய ஆரம்பித்தால் தாவாது, வெடிக்காது, ஒரே சீராக நின்று எரியும். இட்லிக்கு அதைவிட நல்ல நெருப்பு இந்த உலகத்தில் கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

ஷாப்புப் பின்வாசலில் காவல்காரரிடம் காலணா கொடுத்தால் ஒரு கூடை சக்கை. தலைதட்டி அளக்கிற கூடை இல்லை, கோபுரமாகக் குவித்த கூடை. அதற்கு மேலும் ஒரு கை அள்ளிப் போட்டால்தான் நாங்கள் நகருவோம். கொசுறு வாங்காமல் போனால் அன்றைக்குச் சோறு வேகாது என்பது எங்கள் தெருப் பெண்களின் எண்ணம்.

எனக்குச் சக்கை என்றால் வெறும் அடுப்புச் சமாசாரம் இல்லை. வாசலில் இட்லி அடுப்பு போட்டிருந்தேன். காலையில் ஷாப்புச் சங்கு ஊதுவதற்கு முன்னால், வேலைக்குப் போகிறவர்கள் என் வாசலில் குந்தி நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் போவார்கள். அதற்கு முன்னால் நானும் ஷாப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், பட்டை இடிக்க. உலக்கையைத் தூக்கித் தூக்கித் தோள் இற்றுப்போகும். பட்டைத் தூசி நெஞ்சில் இறங்கி, ராத்திரியெல்லாம் இருமுவேன். அதிலிருந்து தப்பித்து வந்துதான் இந்த அடுப்பைப் பற்றவைத்தேன். என் மாமியார் அதற்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்.

"அடுப்பு தன் செலவத் தானே சம்பாரிக்கணும். என்னிக்கு அது கையக் கடிக்குதோ, அன்னிக்கே மறுபடி ஒலக்கையத் தூக்கிக்கினு கெளம்பு."

மாமியார் மாவாட்டுவார், நான் ஊற்றி எடுப்பேன். எங்கள் இருவருக்கும் வாய் ஓயாது. நான் பதிலுக்குப் பதில் பேசும்போதெல்லாம் அவர் ஒரு வசனம் வைத்திருந்தார். "பொண்ணு பாக்க வந்தப்போ வாயே தொறக்காத குந்தினு இருந்தா. சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணு!"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் சாம்பிள் என்றால் சாமிக்கு அடுத்தபடி. பட்டணத்து வியாபாரிக்கு முதலில் ஒரு சின்னக் கட்டுத் தோலை அனுப்புவார்கள். அதைச் சணலால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து ஷாப்பு முத்திரை குத்துவது வழக்கம். அதுதான் சாம்பிள். பிறகு போகிற சரக்கு முழுவதும் அதே மாதிரி இருக்கவேண்டும். தரம் ஒரு படி குறைந்தாலும் மொத்தமும் அதே ரயிலில் திரும்பி வந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டுக் கட்டுகிற வேலைதான். அதனால் எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள் இருந்தாலும் சாம்பிள் பேச்சு இல்லாத நாள் இருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் காண்டிராக்டர் வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்து ஷாப்புகள் அத்தனையின் சக்கையையும் அவர் ஒருவரே மொத்தமாக ஏலத்தில் எடுத்துக்கொண்டார். நல்ல வெள்ளை வேட்டி, காதில் கடுக்கன், பேச்சில் சர்க்கரை. முதலில் பின்வாசலை மூடினார். அப்புறம் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு தராசைத் தொங்கவிட்டார். இனிமேல் வீசைக்கு இவ்வளவு என்றார். நாங்கள் முணுமுணுத்தபோது வீடு வீடாக வந்து சமாதானம் சொன்னார்.

"கூடைன்னா ஒரு நாள் ஜாஸ்தி, ஒரு நாள் கம்மி. தராசு பொய் சொல்லாதும்மா."

தராசு பொய் சொல்லவில்லைதான். அவர் சக்கையைக் காயவே விடவில்லை! தொட்டியிலிருந்து வாரிய ஈரத்தோடு நிறுத்தார். கொஞ்சம் காய்ந்து போயிருந்தால் இரண்டு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு நிறுத்தார். நாங்கள் சக்கை விலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தோம். வேறு எங்கே போவது? ஊர்ச் சக்கையெல்லாம் அவர் கையில்.

காயவைத்து எரிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒண்டிக்குடித்தன வீட்டில், நாலு குடும்பம் புழங்குகிற கையகலக் கொல்லையில் எங்கே காயவைப்பது, தலையிலா? ஈரச் சக்கை எரியவில்லை, புகைந்தது. தெரு முழுக்க மூட்டம். என் கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நெருப்பு நின்று எரியாததால் இட்லி பாதி வெந்து பாதி அமுங்கியது. ஒரு நாள் தொழிலாளி ஒருவர் இட்லியைப் பிட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இதையும் தொட்டியில ஊறப்போட்டியா? தோலு மாதிரி இழுக்குது" என்றார். வாசலில் ஒரே சிரிப்பு. அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு பேர் வரவில்லை.

மாமியார் கொல்லையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்துத் துடைத்து நடுவீட்டில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று காலையிலேயே காண்டிராக்டரின் சக்கைக் கொட்டகைக்குப் போனேன். போகிற வழியில் நாலு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கொட்டகையை ஒட்டின வீடு ஒரு பீபியுடையது. கோஷா வீடு, வெளியே வரமாட்டார். ஆனால் அவர் வீட்டுப் பின் ஜன்னல் கொட்டகை முற்றத்தைப் பார்த்து இருந்தது. சாக்குப் படுதாவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வரும். அந்தக் குரல் போதும், பத்து ஆளுக்குச் சமம்.

"கேளு தங்கச்சி, நல்லா கேளு! எங்க வூட்லயும் ஒரே பேஜார். பிள்ளைங்க கண்ணு செவந்து போச்சு!"

நான் ஒரு பிடி சக்கையை அள்ளிக் காண்டிராக்டர் முகத்துக்கு நேராகப் பிழிந்தேன். தண்ணீர் சொட்டியது.

"இது இன்னா? எரிக்கவா, குடிக்கவா?"

அவர் அசரவில்லை. "என் சக்கைமேல குத்தம் இல்ல. உங்களுக்கு அடுப்பு மூட்டத் தெரில. ரெண்டு வீசைச் சக்கையில ஆறு ஈடு இட்லி எடுக்கலாம், தெரியுமா?"

ஆறு ஈடு! அவருடைய ஈரச் சக்கையில் மூன்று ஈட்டுக்கு மேல் நான் கண்டதில்லை. இட்லிக்காரியைப் பார்த்து அடுப்பு மூட்டத் தெரியவில்லை என்று சொல்கிறாரே! அந்த நேரம் பார்த்து ஷாப்பு முதலாளி சாயபு குதிரை வண்டியிலிருந்து இறங்கினார். என் வீட்டுக்காரர் வேலை செய்தது அவருடைய ஷாப்பில்தான், காண்டிராக்டருக்குச் சக்கையை ஏலம் விட்டவர்களிலும் அவர் ஒருவர். பெரிய மனுஷர், அதிகம் பேசமாட்டார். சத்தம் கேட்டு உள்ளே வந்தார். நான் விடவில்லை.

"மொதலாளி, நீங்களே கேளுங்க. ஆறு ஈடு வரும்னு சொல்றாரு. அவரே சக்கை எடுத்தாரட்டும், உங்க கண்ணு முன்னால நான் ஊத்துறேன். ஆறு வரலன்னா பழையபடி கூடை."

"வந்துச்சுன்னா?" என்றார் காண்டிராக்டர்.

"வந்துச்சுன்னா நாங்க வாயத் தொறக்கமாட்டோம். நீ சொல்ற வெல, நீ நிறுக்கிற நிறுவை."

கூட வந்த பெண்கள் என் புடவையைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். சொல்லிவிட்டேன், என்ன செய்வது. வாயிலிருந்து போன சொல்லும் வில்லிலிருந்து போன அம்பும் திரும்புமா? சாயபு தாடியைத் தடவிக்கொண்டு, "வெள்ளிக்கெழம. தொழுகை முடிஞ்சு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு. கொட்டகை முற்றத்தில் திருவிழாக் கூட்டம். கொட்டகைக் கூரைமேல்கூட ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நானும் மாமியாரும் இட்லிக் கொப்பரையையும் மாவுப் பானையையும் தூக்கிக்கொண்டு போனோம். மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினேன். எனக்குக் கை கால் பரபரத்தது. பயமில்லை, சந்தோஷம்! ஊரே பார்க்க அவர் சக்கை புகையப் போகிறது, சாயபு இருமப் போகிறார் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன்.

காண்டிராக்டர் ரெண்டு வீசை நிறுத்துக் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். கையை விட்டேன். விட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

சக்கை மொறுமொறுவென்று நொறுங்கியது. அப்பளம் மாதிரி! பொறுக்கி எடுத்த நல்ல சக்கை, எத்தனை வெயில் காய்ந்ததோ தெரியாது. ரெண்டு வீசைக்கு இவ்வளவா என்று கேட்கிற மாதிரிக் குவியல் மலைபோல் எழும்பியது. எங்களுக்கு ஒரு நாளும் இப்படி ஒரு சக்கையை அந்த மனுஷர் நிறுத்ததில்லை. பந்தயத்துக்கென்றே தனியாகக் காயவைத்திருக்கிறார். அவரே சக்கை எடுத்துவரட்டும் என்று சொன்ன புத்திசாலி நான்தானே!

மாமியாரும் தொட்டுப் பார்த்தார். என் காதருகே, "முடிஞ்சுதுடி" என்றார்.

"ஈரமாக்கிப் போடு, ஊதாத வுடு" என்று பக்கத்திலிருந்த ஒருத்தி கிசுகிசுத்தாள். "மாவுல தண்ணிய ஊத்திடு" என்றாள் இன்னொருத்தி. ஜன்னலிலிருந்து, "தங்கச்சி, இன்னா ஆச்சு? ஏன் எல்லாரும் கம்முனு இருக்கீங்க?" என்றது பீபியின் குரல்.

அவர்கள் சொன்னபடி செய்திருக்கலாம். அடுப்பைக் கெடுப்பது ஒரு வித்தையா? ஆனால் ஊரே கூடியிருக்கிற இடத்தில் என் கையால் ஒரு அமுங்கின இட்லியை எடுத்து வைப்பதா? செத்தாலும் மாட்டேன். அடுப்பு மூட்டத் தெரியவில்லை என்ற பேச்சுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகாதா? தோற்றாலும் நல்ல இட்லியோடு தோற்றுவிட்டுப் போகிறேன் என்று பற்றவைத்தேன்.

என்ன நெருப்பு அது! எத்தனை நாளாயிற்று அப்படி ஒன்றைப் பார்த்து! ஊதவே வேண்டாம். புகை இல்லை. கொப்பரையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. முதல் ஈடு எடுத்துத் தட்டினேன். மல்லிகைப்பூ. கூட்டம் "ஒண்ணு!" என்று கத்தியது. இரண்டு, மூன்று. எனக்கு என் தோல்வியே மறந்துபோய்விட்டது. மாமியார் ஊற்ற, நான் எடுக்க, கை தானாக ஓடியது. நாலு, அஞ்சு. கூரைமேல் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். ஆறாவது ஈடு இறங்கியபோதும் அடுப்பில் தணல் கனகனவென்று இருந்தது. விடுவேனா? ஏழாவதையும் ஊற்றினேன். அதுவும் பொங்கி வந்தது.

சாயபு ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு நினைவு திரும்பியது. ஜெயித்தது காண்டிராக்டர். இனி அவர் வைத்ததுதான் விலை. நாளைக் காலை உலக்கை. கண்ணில் தண்ணீர் முட்டியது. பெண்கள் எல்லாரும் என்னை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தார்கள்.

காண்டிராக்டருக்குத் தலைகால் புரியவில்லை. சக்கைக் குவியலில் மீந்ததை ஒரு கை அள்ளிக் கூட்டத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா மொதலாளி? நல்லா பாத்துக்கங்க எல்லாரும்! இதான் என் சக்கை! இதான் என் சரக்கு!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரக்கு என்ற அந்த ஒரு சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்குள் என்னவோ சொடக்கென்றது. ஓடிப்போய் அவர் கையிலிருந்த சக்கையை அப்படியே பிடுங்கிக்கொண்டேன். சாயபுவுக்கு முன்னால் போய் நீட்டினேன்.

"மொதலாளி, கேட்டுக்கினீங்களா? இதான் என் சரக்குன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. ஊரே பாத்துச்சு. அப்போ இது சாம்பிள்தானே?"

கூரைமேல் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

சாயபு சக்கையை வாங்கி, தோலைத் தடவிப் பார்ப்பதுபோல விரலால் தடவினார். அந்த மாதம்தான் அவருடைய சரக்கு ஒன்று, சாம்பிள் மாதிரி இல்லை என்று பட்டணத்திலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்திருந்தது. அந்த அவமானத்தில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஊரே பேசிக்கொண்டது.

"இன்னாப்பா," என்றார் காண்டிராக்டரிடம், மெதுவாக. "நம்ம ஊர்ல சாம்பிள் காட்டினா இன்னா அர்த்தம்?"

"மொதலாளி, அது... அது தோலுக்குங்க."

"தோலுக்கு ஒரு நியாயம், சக்கைக்கு ஒரு நியாயமா? என் சரக்க நான் திருப்பி எடுத்துக்கினேனே. நீ எடுத்துப்பியா?"

கூரையிலிருந்து ஒருவர், "சாம்பிள்! சாம்பிள்!" என்று கத்த, முற்றமே கத்தியது. ஜன்னல் படுதா ஆடியது. "சபாஷ் தங்கச்சி! சபாஷ்!" என்று பீபி கைதட்டுவது கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆடாத குறைதான்.

சாயபு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் அதுவரை எங்கேயோ ஒரு தூண் மறைவில் நின்றிருந்தார், மானம் போய்விட்டதே என்று. வந்து, அந்தச் சக்கையைத் தோல் கட்டுவது போலவே சணலால் கட்டினார். முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்ற, சாயபு தன் கையாலேயே முத்திரை வைத்தார். கொட்டகை வாசலில் ஆணி அடித்து அதை மாட்டினார்கள்.

"கூடை வேணுமா, தராசு வேணுமா?" என்று சாயபு என்னைக் கேட்டார்.

"தராசே இருக்கட்டும் மொதலாளி. எனக்குத் தராசுமேல இன்னா கோவம்? சரக்கு அந்தச் சாம்பிள் மாதிரி இருந்தாப் போதும். கொசுறு மட்டும் வேணும்."

கொசுறு என்றதும் காண்டிராக்டரே சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து ஷாப்பு மைதானம் முழுக்கச் சக்கை காய்ந்தது. வாங்கப் போகிற பெண்கள் ஒரு கையால் அந்த முடிச்சைத் தொட்டு, மறு கையால் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசை அவிழ்ப்பார்கள். மழைநாளில் ஈரமாக இருந்தால், "இன்னிக்கு வேணாம்மா, நாளைக்கு வாங்க" என்று காண்டிராக்டரே சொல்லிவிடுவார். ஒன்று சொல்லவேண்டும், அவர் கெட்டவர் இல்லை. யாரும் கேட்காதவரை ஈரத்துக்கும் காசு வாங்கினார், கேட்டதும் அதை விட்டுவிட்டார். பிறகு பல வருஷம் என் வாசலில்தான் காலை இட்லி தின்றார்.

அதனால்தான் அந்தக் கரண்டுப் பையனிடம் கேட்டேன். "மீட்டரு பொய் சொல்லாது, சரிப்பா. இன்னிக்கு நீ எரிச்சுக் காட்டுற வெளிச்சமே நாளைக்கும் வருமா? மங்கலா எரிஞ்சாலும் அதே காசா?" அவன் கம்பெனியில் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறான். வரட்டும், நான் எங்கேயும் போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் மாமியாரும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வழியெல்லாம் ஆட்கள் நின்று நின்று விசாரித்தார்கள். மாமியார் ஒருவரிடமும் நிற்காமல் விடுவிடுவென்று நடந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஊரார் முன்னால் இவ்வளவு வாய் காட்டிவிட்டோமே என்று. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் நடுவீட்டில் கிடந்த உலக்கையை எடுத்துக் கொல்லையில் பழைய இடத்திலேயே சாத்திவிட்டு வந்தார். பிறகு என் எதிரில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தப்போ நீ தலையக்கூட நிமிரல. அந்தச் சாம்பிளப் பாத்துத்தான் கட்டிக்கினு வந்தோம்" என்றார்.

நான் மாவுப் பானையைக் கீழே இறக்கி வைத்தேன்.

"சரக்கு அத விட ஒசத்திடி."

சொல்லிவிட்டு நாளைக்கு அரிசி ஊறப்போட உள்ளே போய்விட்டார். நான் மாவுப் பானையைக் கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.